வெயிலைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்: மலாகாவில் விமானி பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு ஸ்பெயினின் விமானி பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் முதலில் வெயிலைத்தான் காட்டும். வருடத்தில் 300 நாள் நீல வானம், தடையில்லாத பயிற்சி, மாலையில் கடற்கரை. மலாகாவில் வெயில் உண்மைதான். வட ஐரோப்பாவின் குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்து கிடந்தால் மாணவர்கள் நாள்கணக்கில் தரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் அந்த வெயில் ஊரில் இருக்கும் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். ஒரு பள்ளியை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க அது உதவாது. வானம் தெளிவாக இருக்கும் ஊரில் மாணவர் தேங்குவது வேறு காரணங்களால்: விமானம் பழுது, இன்ஸ்ட்ரக்டர் இல்லை, தேர்வாளர் தேதி கிடைக்கவில்லை. விசாரிக்க வேண்டியது இவற்றைத்தான்.

முதல் தவறு, எங்கே வேலை பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பள்ளி தேடுவது. ஸ்பெயினில் படித்தால் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின், அதாவது ஈஏஎஸ்ஏவின், விதிகளின்படி லைசென்ஸ் கிடைக்கும். அந்த லைசென்ஸ் ஐரோப்பாவில் வேலை செய்யும் உரிமையைத் தராது. அங்குள்ள பெரும்பாலான ஏர்லைன்கள், அனுபவமில்லாத புது விமானியிடம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கி வேலை செய்யும் உரிமையை ஏற்கனவே கையில் கேட்கும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் சிக்கல் இல்லை. லண்டனில் இருந்து போகிறவர்களுக்கு உண்டு. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனின் லைசென்ஸ் தனி, ஈஏஎஸ்ஏ லைசென்ஸ் தனி. பிரிட்டிஷ் ஏர்லைனில் சேர நினைப்பவர், ஸ்பெயினில் உள்ள அந்தப் பள்ளிக்கு பிரிட்டனின் விமான ஒழுங்குமுறை அமைப்பான சிஏஏவின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போய், திரும்பி வந்து இந்திய ஏர்லைனில் சேர நினைப்பவர்கள் இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். இந்திய சிபிஎல், அதாவது வணிக விமானி லைசென்சுக்கு, இங்குள்ள விமான ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 200 மணி நேரப் பறத்தலைக் கேட்கிறது. அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்ட், அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்கள் கையில். ஐரோப்பாவின் இன்டகிரேட்டட், அதாவது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தொடராக நடக்கும், ஏர்லைன் விமானி படிப்புக்குக் குறைந்தபட்சம் 195 மணி நேரம் போதும். அதில் 55 மணி நேரம் வரை தரையில் இருக்கும் சிமுலேட்டரிலேயே முடிக்கலாம். பைலட் இன் கமாண்ட் கணக்கு 70 மணி நேரம்தான். அங்கே முழுப் படிப்பும் முடித்தவர், பறந்த மணி நேரங்களைக் குறித்து வைக்கும் லாக்புக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தால் இங்கே மணி நேரம் போதாது. மீதியை எங்கே, என்ன செலவில் பறப்பது என்பதைப் பணம் கட்டும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் டிஜிசிஏவின் சொந்தத் தேர்வுகளும் மருத்துவப் பரிசோதனையும் தனியாக இருக்கின்றன.

மருத்துவம் என்றதும் சொல்ல வேண்டியது: தொழில்முறை விமானிக்கு வேண்டிய கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ் கையில் வரும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஐரோப்பாவில் முதல் கிளாஸ் 1 பரிசோதனையை அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவ மையத்தில்தான் செய்ய முடியும். நிறப்பார்வையிலோ இதயத் துடிப்பிலோ ஒரு குறை தெரியவந்தால், அது வீட்டை அடமானம் வைப்பதற்கு முன்னால் தெரியட்டும்.

அடுத்து, வெயில் என்றால் எல்லா நேரமும் பறக்கலாம் என்ற நினைப்பு. கோடையில் மலாகாவில் தெர்ரால் என்ற காற்று நிலப்பக்கமிருந்து அனலாக அடிக்கும், வெப்பம் 40 டிகிரியைத் தொடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கடல் மட்டத்தில் நின்றாலும் 40 டிகிரியில் விமானம் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். இரண்டு பேர் உட்கார்ந்து டேங்கும் நிறைந்த செஸ்னா போன்ற சின்னப் பயிற்சி விமானம், ஓடுபாதையில் வழக்கத்தைவிட நீளமாக ஓடும், எழுந்த பிறகும் சோம்பலாக ஏறும். எதிரே மலை இருந்தால் அது விளையாட்டல்ல. அதனால் ஜூலை, ஆகஸ்ட் மதியங்களில் விமானங்கள் சும்மா நிற்பது சகஜம். எல்லாருக்கும் காலை நேரமே வேண்டும், அதற்குப் போட்டி. மலாகாவுக்கு மேற்கே ஹெரெஸ் நகரத்துப் பக்கம் போனால் லெவாந்தே என்ற கிழக்குக் காற்று நாள்கணக்கில் பலமாக வீசும். ஆரம்ப மாணவரைத் தனியாக அனுப்ப முடியாது. பள்ளியைப் பார்க்கப் போவதென்றால் ஏப்ரலில் போகாதீர்கள், ஆகஸ்டில் போங்கள்.

போகும்போது எண்ண வேண்டியது விமானங்களை அல்ல, பறக்கும் விமானங்களை. இணையதளத்தில் 20 இருக்கும். பாதி பராமரிப்புக் கொட்டகையில் என்ஜின் கழற்றிக் கிடக்கும். பயிற்சி விமானங்கள் ஓயாமல் பறப்பதால் 50, 100 மணி நேரச் சோதனைகள் அடிக்கடி வரும். பள்ளிக்குச் சொந்தமாக மெக்கானிக்குகள் இருந்தால் அது நல்ல அடையாளம். வெளி நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் வரிசையில் நிற்க வேண்டும். வார நாளில் காலை பத்து மணிக்கு ஓடுதளத்தின் ஓரம் நின்று பாருங்கள். வானம் தெளிவாக இருந்தும் விமானங்கள் வரிசையாக உறை போர்த்தி நின்றால், அந்தப் பள்ளியின் நிலைமை உங்களுக்கே புரிந்துவிடும்.

தளமும் முக்கியம். மலாகாவின் பெரிய விமான நிலையம் ஸ்பெயினிலேயே மிகவும் பரபரப்பானவற்றில் ஒன்று. சுற்றுலா விமானங்களுக்கு நடுவே சின்னப் பயிற்சி விமானம் காத்திருக்கத்தான் வேண்டும். கிழக்கே வேலெஸ்-மலாகாவில் இருக்கும் லா அக்சார்கியா சிறிய தளம். தரையிறங்கிப் பழக நல்லது, வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்துத் தரையிறங்கிப் பழக வேறு இடம் பறந்து போக வேண்டும். ஹெரெஸில் நீளமான ஓடுபாதையும் கருவி வசதியும் உண்டு, பயணிகள் விமானங்கள் குறைவு. பயிற்சிக்கு அது பெரிய வசதி என்பது என் கருத்து, ஊர் மலாகா அளவுக்குக் கலகலப்பாக இல்லாவிட்டாலும். இன்னொன்று, சிறு தளங்களில் ரேடியோவில் ஸ்பானிஷ் ஓடும். முன்னால் போகிறவர் எங்கே திரும்புகிறார் என்று புரியாமல் பறப்பது ஆபத்து. கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போங்கள்.

அங்கீகாரத்தையும் சரிபாருங்கள். டிடிஓ என்ற அனுமதி மட்டும் உள்ள இடத்தில் பொழுதுபோக்கு விமானி பயிற்சிதான் தர முடியும். தொழில்முறை லைசென்சுக்கு ஏடிஓ என்ற அங்கீகாரம் உள்ள பள்ளி வேண்டும்.

கடைசியாகப் பணம். மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். 2011இல் பிரிட்டனின் கேப்ஏர், 2023இல் டண்டி நகரத்தின் டேசைட் ஏவியேஷன் என்று பெயரெடுத்த பள்ளிகளே மூடியிருக்கின்றன. நடுவில் பள்ளி மூடினால் இன்டகிரேட்டட் மாணவருக்கு இரட்டை அடி. படிப்பு முழுவதும் ஒரே பள்ளியில் முடிய வேண்டிய அமைப்பு அது. ஏர்லைன் விமானி லைசென்சான ஏடிபிஎல்லுக்கான கோட்பாட்டுத் தேர்வின் 13 பாடங்களையும் ஒரே நாட்டின் ஆணையத்தின் கீழ்தான் எழுத வேண்டும் என்பதால், பாதியில் நாடு மாறினால் தேர்வும் சிக்கும். பகுதி பகுதியாகக் கட்டும் திட்டம், பறக்காத மணிக்குப் பணம் திரும்பும் என்ற வரி, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தேர்வாளர் கட்டணம், தரையிறங்கும் கட்டணம், கூடுதல் மணி நேரத்தின் விலை ஆகியவை மொத்தத் தொகையில் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

இத்தனையையும் பள்ளி மேலாளரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும். படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இரண்டு மூன்று மாணவர்களைத் தனியாகப் பிடித்துக் கேளுங்கள்: எப்போது சேர்ந்தீர்கள், எப்போது முடியும் என்று சொன்னார்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அவர்களோடு பேச விடாத பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.