பிறப்புச் சான்றிதழில் விடுபட்ட ஒரு 'கால்': என் அனுபவம்

பாஸ்போர்ட்டுக்காக எடுத்த பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'வேலுசமி' என்று வந்தது. ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் 'வேலுசாமி'.

இ-சேவை மையத்தில் கேட்டேன், பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அலுவலகத்தில் பெயர்த் திருத்தத்துக்கு மனு கேட்டார்கள். நோட்டரி பிரமாணப் பத்திரம் வைத்துக் கொடுத்தேன். 'ஆதாரம் போதாது' என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், பதிலே இல்லை. இரண்டு மாதம் போயிற்று.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டேன். 'ஏன் தவறாக வந்தது?' என்று கேட்கவில்லை. அந்தச் சட்டத்தில் காரணம் கேட்டால் பதில் வராது, இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். அதனால் என் பிறப்பு பதிவான பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகலை மட்டும் கேட்டேன். 30 நாள் கெடு முடியும் முன்பே வந்துவிட்டது.

பதிவேட்டில் பெயர் சரியாகவே இருந்தது! கட்டம் குறுகல் என்பதால் 'ச' வரி முடிவில் நிற்க, அதன் கால் (ா) அடுத்த வரிக்குப் போயிருந்தது. கணினியில் ஏற்றியவர் அதைக் கவனிக்கவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டியது பெயர்த் திருத்தமே அல்ல. பதிவையே திருத்துவதென்றால் 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஆதாரம், பதிவேட்டின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு என்று தனி வழி. 'பதிவேட்டின்படி கணினிப் பதிவைச் சரிசெய்க' என்று நகலை இணைத்து எழுதினேன். நான்காம் நாள் புதிய சான்றிதழ் கிடைத்தது.