சேர்ந்து வாசிக்கவா, தனித்தனியாகப் பதியவா?

கிட்டார், வயலின், மிருதங்கம், ஒரு குரல். இப்படிச் சின்னக் குழு ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்வதென்றால் வாத்தியங்களை ஒன்றாக இருந்து வாசித்தே பதியுங்கள். ஹெட்போனில் தாளத்துக்கு ‘டிக் டிக்’ என்று அடிக்கும் கிளிக் சத்தத்தைக் கேட்டுத் தனித்தனியாக வாசித்தால் தாளம் அச்சொட்டாக இருக்கும், சரி. ஆனால் வயலின் கொஞ்சம் இழுக்கும்போது மிருதங்கம் பொறுத்துக் கொடுக்கிற அந்த இடம் கிடைக்காது.

சிக்கல் ஒன்றுதான்: ஒருவரின் சத்தம் மற்றவரின் மைக்கிலும் விழும். அதற்கு 3-க்கு 1 என்று ஒரு கணக்கு உண்டு. கிட்டாருக்கும் அதன் மைக்குக்கும் இடையில் 30 செ.மீ. என்றால், அடுத்த மைக் இந்த மைக்கிலிருந்து 90 செ.மீ. ஆவது தள்ளி நிற்க வேண்டும். கார்டியோயிட் என்பது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் மைக்; அதன் முதுகுக்குக் காது மந்தம். வயலின் மைக்கின் முதுகை மிருதங்கத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். போன வருடம் இணுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் பதிந்தபோது இதையெல்லாம் கவனிக்கவில்லை. வயலினில் ஒரு சுரம் பிசகியது. அதை வெட்டி எடுத்தாலும் மிருதங்க மைக்கில் அதே பிழை மெல்லக் கேட்டது. முழுப் பாட்டையும் திரும்ப வாசித்தோம்.

குரலைப் பிறகு பதியலாம். அதுவரை பாடகர் பக்கத்து அறையில் ஹெட்போனோடு இருந்து பாடிக் காட்டட்டும்.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவருமான அறையில் கை தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று திரும்பி வந்தால் பாயை விரித்து, சுவரோடு மெத்தையைச் சாத்துங்கள். மின்விசிறி வேண்டாம். அப்புறம், பக்கத்துக் கோயிலில் திருவிழாவா என்று முதலே கேட்டு வையுங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் மெத்தை எடுபடாது.