கிருபையைப் பழகுதல்: பயத்தோடு வளர்ந்த விசுவாசிகளுக்கு

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் ரோமர் 8:1-ஐ மனப்பாடம் செய்த பலருக்கு அந்த வசனம் ஆறுதலாக வந்து சேர்வதே இல்லை. "ஆனபடியால், கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களாயிருந்து, மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை." ஆக்கினைத்தீர்ப்பில்லை என்பது கடைசிச் சொல். அதை எட்டும் முன்பே மனது நடுவில் மாட்டிக்கொள்கிறது: இன்று நான் மாம்சத்தின்படி நடந்தேனா, இல்லையா? அந்த நடுப்பகுதி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் முதல் வசனத்தில் கிடையாது. 4-ஆம் வசனத்தில் இருப்பது பிற்காலப் பிரதிகளில் மேலே ஏறிவிட்டது. திருவிவிலியம் என்னும் புதிய மொழிபெயர்ப்பைத் திறந்து அதே வசனத்தைப் பாருங்கள், அங்கே அது இருக்காது. பவுல் முதலில் தீர்ப்பு இல்லை என்று அறிவிக்கிறார், நடக்கையைப் பற்றி அதற்குப் பிறகுதான் பேசுகிறார். பயத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசையை மனதிலும் உடம்பிலும் நேராக்கும் வேலை.

முதலில், உங்களுக்கு இருப்பது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயங்கள் ஒன்றுபோலத் தெரியும்.

ஒன்று, சாதாரணக் குற்றவுணர்வு. தம்பியிடம் கத்திவிட்டீர்கள், மனது உறுத்துகிறது, மன்னிப்புக் கேட்டதும் உறுத்தல் தணிகிறது. அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. 2 கொரிந்தியர் 7:10 சொல்லும் "தேவனுக்கேற்ற துக்கம்" இப்படித்தான் இருக்கும்: இன்ன தவறு என்று காட்டும், இன்னது செய் என்று வழிவிடும், பிறகு விலகிப் போகும்.

இரண்டாவது, சபையிலோ வீட்டிலோ மதத்தின் பெயரால் பட்ட காயம். "இன்றிரவு இயேசுவின் வருகை இருந்தால் நீ எங்கே இருப்பாய்?" என்று எட்டு வயதில் கேட்கப்பட்ட கேள்வி. காய்ச்சல் வந்தபோது "வீட்டில் என்ன பாவம்?" என்று தேடியது. எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கண்டித்தது. மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆனால் உடம்புக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் ஒரு குறிப்பிட்ட தொனியில் ஜெபம் கேட்டாலே வயிறு பிசையும், கை சில்லிடும்.

மூன்றாவது, பாவத்தைப் பற்றிய ஓயாத சந்தேகம். ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, ஜெபத்தில் ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து தொடங்குவது, மனதில் தானாக வந்த அசிங்கமான நினைப்புக்காக நடுங்குவது. மார்ட்டின் லூத்தர் எர்ஃபர்ட் மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து தன் ஆன்மிக வழிகாட்டியான ஸ்டௌபிட்ஸைக் களைக்க வைத்ததும், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் பழைய பாவங்களைத் தோண்டித் தோண்டித் தவித்ததும் இந்த வகைதான். இன்று இதை ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாக மருத்துவர்கள் பார்க்கிறார்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சகஜம். வைத்தியம் மட்டும் வேறு. காயத்துக்குப் பாதுகாப்பும் நேரமும் வேண்டும். சுழற்சிக்கு, மனது கேட்பதைக் கொடுக்காமல் இருக்கும் பயிற்சி வேண்டும்.

வாக்கியங்களை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, சின்ன வயதிலிருந்து உங்கள் தலைக்குள் ஓடும் வாக்கியங்களில் ஐந்தை மட்டும் எழுதுங்கள். ஐம்பது எழுத உட்கார்ந்தால் அதுவே இன்னொரு பாவ அறிக்கையாகிவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று குறிப்புகள்: யார் சொன்னார், எந்த வசனத்தை வைத்துச் சொன்னார், அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து வசனங்களில் என்ன இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

இரண்டு உதாரணம் காட்டுகிறோம், ஏனென்றால் தமிழ்ச் சபைகளில் இவை அதிகம் புண்படுத்துகின்றன.

"நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்ற மத்தேயு 5:48 குறையே இல்லாமல் இரு என்ற கட்டளையாகவே பலர் காதில் விழுகிறது. 43-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். பேச்சு முழுக்க சத்துருவை நேசிப்பதைப் பற்றி. பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், உங்கள் அன்பும் அப்படி ஆளைப் பிரிக்காமல் முழுசாக இருக்கட்டும் என்கிறார் இயேசு. அதே போதனையை லூக்கா 6:36 "இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்றே சொல்லிவிடுகிறது. பூரணம் என்று நீங்கள் பயந்த இடத்தில் லூக்கா இரக்கத்தை வைத்திருக்கிறார்.

அடுத்தது 1 கொரிந்தியர் 11:27, "அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து மாதக்கணக்கில் திருவிருந்து எடுக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கணத்தைப் பாருங்கள். அபாத்திரமாய் என்பது வினையடை. மூல கிரேக்கத்திலும் அப்படியே. சாப்பிடும் விதத்தைக் குறிக்கிறது, சாப்பிடுகிறவரின் தகுதியை அல்ல. 21, 22-ஆம் வசனங்களில் அந்த விதம் என்னவென்று பவுலே சொல்கிறார்: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். தகுதியானவர்களுக்கு மட்டும் என்றால் அந்த மேசையில் யாருமே உட்கார முடியாது. அடுத்த திருவிருந்துக்கு இரண்டு நிமிடம் மட்டும் அமைதியாக இருந்துவிட்டு எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள். "இன்னும் ஏதாவது விட்டுப்போனதா" என்று தேடவேண்டாம்.

பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் என்ற பயமும் இதே வழியில் தீரும். மாற்கு 3:30 காரணத்தை எழுதியே வைத்திருக்கிறது: இயேசு செய்த நன்மையைக் கண்ணால் கண்டுகொண்டே "அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான்" என்று சொன்னார்கள். உங்கள் விருப்பமில்லாமல் பாய்ந்து வரும் ஒரு நினைப்பு அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

உடம்புக்கு முதலில் கிருபை

பயந்து நடுங்கும்போது வசனம் ஏறாது. 1 இராஜாக்கள் 19-இல் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் போதனை செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆலயத்துக்குப் போனாலே படபடக்கிறது என்றால் வாசல் பக்கம் உட்காருங்கள். முதல் மாதம் 20 நிமிடம் இருந்துவிட்டு எழுந்து வரலாம். படபடப்பு வரும்போது நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள், ஐந்து நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். பழைய சபையின் பாட்டு கேட்டாலே உடம்பு இறுகுகிறது என்றால் அந்தப் பாட்டைச் சில மாதம் விட்டுவிடுங்கள்.

உபவாசம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சாப்பாட்டோடு போராட்டம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. லித்தியம் எடுப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு: தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். சபை முழுவதும் 21 நாள் இருக்கும்போது நீங்கள் சாப்பிட்டால் அதில் ஒரு பாவமும் இல்லை.

வேதம் வாசிக்கும் அளவு

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கும் மேல் படிக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் ஏழு அதிகாரம் கடன், ஒரு வாரம் விட்டால் 23. காயப்பட்டவர்களுக்கு அந்த அட்டவணை வட்டிக் கடைக்காரனின் நோட்டுப்போல ஆகிவிடும். கிழித்துப் போடுங்கள்.

அதற்குப் பதில் லூக்கா சுவிசேஷம், ஒரு தடவைக்கு எட்டு வசனம், வாரத்தில் நான்கு நாள். எட்டு முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிடுங்கள். அந்தக் குறை வேண்டுமென்றே வைத்தது, மூடியபின் வரும் அரிப்பைத் தாங்குவதுதான் பயிற்சி. பழைய திருப்புதலின் ஓசையே ஒரு பிரசங்கியாரின் கோபக் குரலாகக் கேட்கிறது என்றால் சில மாதங்களுக்கு வேறு மொழிபெயர்ப்பில் படியுங்கள். ஒரு சொல் மட்டும் பழையதில் கேட்கத்தக்கது: சங்கீதம் 136-இல் 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். உலகைப் படைத்ததைச் சொல்லும்போதும் அதுதான், சாப்பாடு கொடுப்பதைச் சொல்லும்போதும் அதுதான். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் இந்த ஒன்று போதும். ஆனால் எண்ணிச் சொல்லாதீர்கள்.

ஒரு தவறு, ஒரு தடவை, ஒரு வாக்கியம்

சந்தேகச் சுழற்சி உள்ளவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி, பலன் அதிகமாக வருவதும் இங்கேதான். பாவ அறிக்கைக்கு விதி: ஒரு தவறை ஒரே தடவை, ஒரே வாக்கியத்தில். 1 யோவான் 1:9-இல் மன்னிக்கிறவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்". நீங்கள் எவ்வளவு அழுதீர்கள் என்பதை வைத்து அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

பிறகு, மறுபடி அறிக்கையிட வேண்டும் என்ற உந்துதல் வரும். வரட்டும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை அது எவ்வளவு என்று குறியுங்கள். 10 நிமிடம் கழித்து, 30 நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். எதுவும் செய்யாமலேயே எண் மெல்ல இறங்கும். முதல் வாரத்தில் மணிக்கணக்காகலாம், நாளாக ஆகச் சுருங்கும். இதையே மருத்துவர்கள் முறைப்படி, எளிய பயத்திலிருந்து பெரிய பயத்துக்குப் படிப்படியாக நடத்துவார்கள். இஞ்ஞாசியாரின் பாவ அறிக்கைக் குருவானவரும் தெளிவாகத் தெரிந்தவை தவிரப் பழையவற்றை இனி அறிக்கையிடாதே என்றுதான் சொன்னார்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். அறிக்கையை நிறுத்திவிட்டு மனதுக்குள் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று பத்துத் தடவை சொல்வது: நல்ல சொற்களே, ஆனால் பயத்தை அமுக்குவதற்காகச் சொன்னால் அதே சுழற்சி வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. பாஸ்டருக்குத் தினமும் போன் போட்டு "நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா?" என்று கேட்பது: அவர் சொல்லும் ஆறுதல் ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு இன்னும் பசியோடு திரும்பும். போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "ஐயா, நான் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லாதீங்க, வேற ஏதாவது பேசுங்க." மூன்றாவது தவறு, இந்த விதிகளையே பூரணமாகச் செய்யப் பார்ப்பது. ஒரு நாள் தவறி ஐந்து முறை அறிக்கையிட்டுவிட்டால் அதற்காக ஆறாவது முறை மன்னிப்புக் கேட்காதீர்கள்.

ஊழியத்திலும் சற்றுக் குறை வைத்துப் பழகுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் தயாரிப்பு. மூன்று பொறுப்பில் ஒன்றை விட்டுவிடுங்கள். லூக்கா 15-இல் மூத்த மகன் "இத்தனை வருஷகாலமாய்" என்று கணக்குச் சொல்ல, தகப்பன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார். காணிக்கைக்கும் அப்படியே: 2 கொரிந்தியர் 9:7 "கட்டாயமாயுமல்ல" என்கிறது. ஒரு தொகையை முடிவு செய்து மூன்று மாதம் அதை மாற்றாதீர்கள்.

யாரிடம் போவது, எதை விட்டு வருவது

அறிக்கை, ஜெபம், சந்தேகம் இவற்றில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம்போல விசுவாசச் சூழலையும் அறிந்த இடங்கள் உண்டு. ஓசிடிக்கு மாத்திரை பலன் தருகிறதா என்று தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நான்காம் வாரத்தில், "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதுக்கு" என்ற பேச்சைக் கேட்டு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் எழுதி அனுப்பியது மருந்துக் குறிப்பு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.

அடித்தவர், பாலியல் வன்முறை செய்தவர் ஊழியக்காரராக இருந்தாலும் அது குற்றம். குழந்தை என்றால் 1098, பெண்களுக்கு 181. மன்னிப்பு உங்களுக்கும் தேவனுக்கும் இடையே நடப்பது, எப்போது என்பதையும் நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். புகார் கொடுப்பதை அது தடுக்காது, அந்த ஆளோடு மறுபடி உட்கார வேண்டும் என்றும் சொல்லாது.

சபை மாறுவதானால் வீட்டில் நீண்ட விளக்கம் வேண்டாம். "அம்மா, கொஞ்ச நாள் நான் அங்க வரலம்மா. ஆண்டவரை விடல. ராத்திரி உங்ககூட ஜெபத்துல உட்காருவேன்." இதே மூன்று வாக்கியத்தைத் திரும்பச் சொல்லலாம். புதிய சபையில் பார்க்க வேண்டியது: கணக்கு எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படுகிறதா, போதகர் "நான் சொன்னது தப்பு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா, விலகிப் போனவர்களைக் கடைத்தெருவில் பார்த்தால் பேசுகிறார்களா.

நன்றாக இருக்கும்போதும் சில நாட்களில் பயம் திரும்பும்: லெந்து காலம், கன்வென்ஷன், எல்லாவற்றையும்விட டிசம்பர் 31 இரவு ஆராதனை. வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது ஒரு கண்டிப்பான வசனம் வந்துவிட்டால் வருடம் முழுவதும் அதுவே தலைவிதி என்று மனது பிடித்துக்கொள்ளும். முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு அட்டை மட்டும் எடுப்பது, மாற்றித் தரக் கேட்பதில்லை, பக்கத்தில் இருப்பவருடையதை ஒப்பிடுவதில்லை. என்ன வந்தாலும் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, கேக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்கள்.