சம்பள வாரத்துக்கு எத்தனை அரிசிப் பை எடுப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் மளிகைக்கடை வியாபாரம் மாதம் முழுக்க ஒரே சீராக ஓடாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். அந்த வாரம் 10 கிலோ அரிசிப் பை போகும். அப்புறம் 5 கிலோதான். ஆகவே மொத்தப் பையில் 10 கிலோ எத்தனை என்று விகிதம் போடுமுன் விற்பனையைச் சம்பள வாரம், மற்ற வாரம் என்று பிரித்து எழுதுங்கள்.

சம்பள வாரத்தில் விற்ற 60 பையில் 36 பை 10 கிலோ. மூன்றாம் வாரத்தில் 40 பையில் 10 பைதான் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வரும் சம்பள வாரத்தில் 75 பை போகும் என்றால், 36 ÷ 60 × 75 = 45 பை 10 கிலோவாக எடுக்க வேண்டும். இரண்டு வாரத்தையும் கூட்டினால் 100க்கு 46. அதன்படி 75க்கு 35கூட வராது. பத்துப் பை குறையும்.

கடன் புத்தகம் வைத்திருப்பவர்கள் சரக்கு வெளியே போன தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பணம் வந்த தேதியை எடுத்தால் மாதம் முழுக்கப் போன சரக்கெல்லாம் சம்பள வாரத்தில் விற்றதுபோல் தெரியும். இந்தத் தவறுதான் கண்ணில் படாமல் நிற்கும்.

வியாழனோடு சரக்கு தீர்ந்த வாரமும் ஏமாற்றும். திங்கள் முதல் வியாழன் வரை 24 பை போனது. நான்கு நாளுக்கு 24 என்றால் ஏழு நாளுக்கு 42 என்று போடாதீர்கள். வார இறுதிக் கூட்டம் அதில் இல்லை. சரக்கு தீராத வாரங்களில் வியாழன் வரை 40 விழுக்காடு விற்றிருந்தால், 24 ÷ 40 × 100 = 60 பை.

கோயில் அன்னதானத்துக்கு ஒரே ஆள் 20 பை எடுத்திருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். 5 பை விற்றதில் 3 பை 10 கிலோ என்பதை 60 விழுக்காடு என்று நம்பவும் வேண்டாம். ஒன்று மாறினாலே 40 அல்லது 80 ஆகிவிடும்.

தீபாவளிக்கு அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் சரிவராது. 2025இல் அது அக்டோபர் 20, சம்பளம் வந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. 2026இல் நவம்பர் 8, ஞாயிறு. சம்பளம் 7ஆம் தேதி வந்தால் மறுநாளே பண்டிகை. எனவே முறுக்கு மாவு, எண்ணெய், சீனி ஒன்றுக்கொன்று என்ன அளவில் போயின என்பதைப் பழைய கணக்கிலிருந்து எடுக்கலாம். எந்த நாளில் எவ்வளவு என்பதை எடுக்க முடியாது. பெட்டிக் கணக்கில் வரும் சரக்கை மேல்நோக்கி முழுப் பெட்டியாக்கி, 6ஆம் தேதி வெள்ளிக்குள் கடையில் இறக்கிவிடுங்கள்.