ஹைட்ரஜன் எந்த ஒளியை விழுங்கும்? கணக்குப் போடும் முறையும் கண்ணால் பார்க்கும் வழியும்

பாபநாசத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ‘இந்த ஒளியை அணு உட்கவருமா?’ என்று கேள்வி வந்தால் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். எலக்ட்ரான் இப்போது எந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே லாக் டேபிளைப் புரட்டப் போவதுதான் காரணம்.

முதலில் படம் போடுங்கள், அதுவும் அளவோடு. லாங் சைஸ் நோட்டில் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஒரு சென்டிமீட்டர். மேலே ஒரு கோடு இழுத்து 0 என்று எழுதுங்கள். எலக்ட்ரான் அணுவை விட்டு வெளியேறும் எல்லை அது. அங்கிருந்து 13.6 செ.மீ. கீழே முதல் மட்டம், அதாவது அடிநிலை. 13.6-ஐ மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுத்துக்கொண்டே போனால் மற்றவை கிடைக்கும்: இரண்டாவது 3.4, மூன்றாவது 1.51, நான்காவது 0.85, ஐந்தாவது 0.54. எல்லாம் மேல்கோட்டிலிருந்து கீழே அளந்தவை, அதனால் எதிர்க்குறி. படத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். முதல் இரண்டு மட்டங்களுக்கு நடுவே பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். மேலே போகப்போக பென்சில் முனை வைக்க இடமிருக்காது.

இனி ஸ்கேலை வைத்து அளக்கலாம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு 10.2, மூன்றுக்கு 12.09, நான்குக்கு 12.75. அடிநிலையில் உள்ள அணு 13.6-க்குக் கீழே உட்கவரக்கூடிய ஆற்றல்கள் இந்த வரிசையில் வருபவை மட்டும்தான். அலைநீளம் வேண்டுமா? 1240-ஐ அந்த ஆற்றலால் வகுத்தால் நானோமீட்டரில் விடை. 10.2-க்கு 121.6, 12.09-க்கு 102.6. இரண்டும் புற ஊதா. முதல் மட்டத்தை அடியாகக் கொண்ட இந்தக் கோடுகளுக்கு லைமன் வரிசை என்று பெயர்.

‘டீச்சர், 11 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் வந்தா 10.2-ஐ எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடாதா?’ ஃபோட்டான் என்றால் ஒளியின் ஒரு பொட்டலம். இது வருஷா வருஷம் வரும் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. விடாது. கும்பகோணம் டவுன் பஸ்ஸில் ‘சரியான சில்லறை இல்லைன்னா இறங்கிக்க’ என்று சொல்லும் கண்டக்டர் போலத்தான் அணு. ஃபோட்டான் உடைக்க முடியாத நோட்டு: முழுசாக வாங்க வேண்டும், இல்லையென்றால் வாங்கவே கூடாது. 11 அப்படியே கடந்து போய்விடும்.

ஆனால் வந்து மோதுவது எலக்ட்ரானாக இருந்தால் கதை வேறு. அது தன் இயக்க ஆற்றலில் தேவையானதை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு நகர்ந்து போகும். 12.5 எலக்ட்ரான் வோல்ட் உள்ள எலக்ட்ரான் கற்றை 12.09-ஐக் கொடுத்து அணுவை மூன்றாம் மட்டம் வரை ஏற்றிவிடும், கையில் 0.41 மிஞ்சும். ஏறிய அணு இறங்கும்போது 102.6, 121.6, 656 நானோமீட்டர் என மூன்று கோடுகள் வெளிவரும். அதே 12.5-ஐ ஃபோட்டானாக அனுப்பினால் ஒன்றுமே நடக்காது. கேள்வியில் ‘எலக்ட்ரான்’ என்று இருக்கிறதா ‘ஃபோட்டான்’ என்று இருக்கிறதா என்று அடிக்கோடு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நீட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன்.

13.6-க்கு மேலே இந்தக் கறார் கிடையாது. 14 வந்தால் எலக்ட்ரான் வெளியேறி, 0.4-ஐ இயக்க ஆற்றலாக எடுத்துக்கொண்டு போய்விடும். மேல்கோட்டுக்கு அப்பால் மட்டங்கள் இல்லை, அதனால் எந்த மதிப்பும் செல்லும். இன்னொன்று: நான்காம் மட்டத்திலிருந்து ஆறு கோடுகள் என்ற கணக்கு இறங்கும்போது வரும் ஒளிக்கு. உட்கவர்தலுக்கு அதைப் போடாதீர்கள்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஹைட்ரஜன் உட்கவரவே உட்கவராதா? சாதாரண வெப்பநிலையில் உட்கவராது. கண்ணுக்குத் தெரியும் கோடுகள் உள்ள பாமர் வரிசை இரண்டாம் மட்டத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து மூன்றுக்கு 1.89, அதாவது 656 நானோமீட்டர் சிவப்பு; நான்குக்கு 2.55, அதாவது 486 நீலப்பச்சை. ஆனால் இரண்டாம் மட்டத்தில் எலக்ட்ரான் இருந்தால்தானே ஏற முடியும்? திருவாரூர் அக்னி நட்சத்திர வெயில்கூட 10.2 ஏற்றுவதற்குப் போதாது. சூரியனின் மேற்பரப்பில் சுமார் 5,800 கெல்வின். அங்கேயே நூறு கோடி அணுக்களில் ஏறக்குறைய ஐந்துதான் இரண்டாம் மட்டத்தில் இருக்கும். அந்தச் சொற்பமே சூரிய ஒளியில் கருங்கோடு போடப் போதுமானது, ஏனென்றால் அங்கே ஹைட்ரஜன் அவ்வளவு இருக்கிறது. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் 1814-ல் வரைந்து எழுத்துப் பெயர் வைத்த கோடுகளில் ‘சி’ இந்த 656, ‘எஃப்’ இந்த 486. எந்த மட்டங்களுக்கு இடையே தாவுவதால் அவை வருகின்றன என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் விளக்கியது 1913-ல்தான்.

இவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஷூ பெட்டி, பழைய எழுதக்கூடிய டிவிடி, ஒரு பிளேடு, கருப்பு டேப் போதும். பெட்டியின் ஒரு முனையில் ஓட்டை போட்டு, இரண்டாக உடைத்த பிளேடின் கூர் விளிம்புகளை எதிரெதிரே ஒட்டுங்கள். நடுவில் உள்ள இடைவெளிதான் பிளவு; அது ஒரு காகிதத்தின் கனம்தான் இருக்கலாம். பிளேடு உடைப்பதைப் பெரியவர்கள் செய்யட்டும். டிவிடியைப் பக்கவாட்டில் நெம்பினால் இரண்டு தகடாகப் பிரியும். அதில் ஒளி ஊடுருவும் தகட்டின் வெளிவிளிம்பிலிருந்து சிறு துண்டு வெட்டி, மறுமுனையில் செய்த ஓட்டையில் ஒட்டுங்கள். தகட்டின் வட்ட விளிம்பு பிளவுக்கு இணையாக இருக்க வேண்டும். இதில் பிசகினால் வானவில் சாய்ந்து குழம்பும். ஒளி கசியும் மூலைகளை டேப்பால் அடையுங்கள். சிடியிலும் வானவில் வரும், ஆனால் அதன் தடங்கள் 1,600 நானோமீட்டர் இடைவெளியில் உள்ளவை; டிவிடிக்கு 740. கோடுகள் பிரிந்து தெரிய டிவிடியே மேல்.

சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்காதீர்கள். வெயில் விழும் சுண்ணாம்புச் சுவரோ பளிச்சென்ற வெள்ளை மேகமோ போதும். நேராகப் பார்த்தால் பிளவு தெரியும். பார்வையைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்பினால் பெட்டியின் உட்சுவரில் ஒட்டியது போல நிறமாலை. நீலமும் பச்சையும் சேரும் இடத்தில் மெல்லிய கருங்கோடு 486. கருஞ்சிவப்பின் பக்கம் 656. அதைப் பிடிக்கக் கண்ணுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். மஞ்சளில் தெரிவது சோடியம், பச்சையில் தெரிவது மக்னீசியம். ஹைட்ரஜன் என்று எழுதிவிடாதீர்கள். அப்புறம் பெட்டியை வீட்டு எல்இடி பல்பு பக்கம் திருப்புங்கள்: நிறங்கள் உண்டு, இந்தக் கருங்கோடுகள் இருக்காது.

கோடு எதுவும் தெரியவில்லை என்றால் பிளவு அகலமாக இருக்கிறது, குறுக்குங்கள். சிவப்பிலிருந்து ஊதாவரை நீளவாக்கில் ஓடும் கோடு தெரிந்தால் அது பிளேடு விளிம்பில் ஒட்டிய தூசி, துடைத்தால் போய்விடும்.