அகன்ற பாதத்திற்கு ஏற்ற காலணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் வெறுங்காலோடும் வெளியில் சிலிப்பரோடும் வளர்ந்த பாதம், விரல்கள் நெருக்குண்ணாத காரணத்தால், முன்பக்கம் அகன்றிருப்பது இயல்பு. கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் கிடைக்கும் அலுவலகக் காலணிகளோ பெரும்பாலும் முன்னே குறுகியவை. சுண்டுவிரல் நசுங்குகிறது என்றதும் ஓர் எண் பெரியதைக் கேட்டு வாங்குகிறோம். இதைத்தான் முதலில் கைவிட வேண்டும். நீளம் கூடிய காலணி, பாதம் மடங்கும் இடத்தில் மடங்காமல் அதற்கு முன்னே மடங்கும், குதிகால் வழுகும், காலணி கழன்றுவிடாதிருக்க விரல்கள் அடிதோறும் சுருங்கும். தேவைப்பட்டது நீளமன்று, அகலம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் பாதத்தை வரைந்துகொள்ளுங்கள். நாள் முழுதும் நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையே இதற்கு ஏற்றது. குதிகால் சுவரைத் தொடும்படி ஒரு தாளின் மீது நிமிர்ந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் உடல் எடை பாதத்தில் இறங்காது, அளவு குறைவாகவே வரும். வீட்டில் ஒருவரிடம் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரையச் சொல்லி, பெரியதையே கணக்கில் கொள்ளுங்கள். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும்; நீளத்தை அந்த விரலின் நுனி வரை அளக்க வேண்டும். அகலத்தைப் பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை அளக்க வேண்டும்.

எண்களை முழுதும் நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு; ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர். எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணைகள் துல்லியமாகப் பொருந்துவதில்லை. சில விளையாட்டுக் காலணிகள் 2ஈ (2E), 4ஈ (4E) என அகல வகைகளோடும் வருகின்றன. அவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு. காலணியின் உள்ளட்டையைக் கழற்ற முடிந்தால், அதைத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரங்களுக்கு வெளியே வழிந்தால், விற்பனையாளர் “போடப் போட இளகிவிடும்” என்று சொன்னாலும் அந்தக் காலணி உங்களுக்கானதன்று. தோல் ஓரளவு இளகலாம்; அடித்தளம் அகலாது. பிறகு, வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டு நின்று, நீண்ட விரலுக்கு முன்னே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளத்தில் மட்டும் நடந்து பார்ப்பது போதாது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், கடைவீடுகளின் முன்னே கூரையோடு அமைந்த ஐந்தடி நடைபாதையில் அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருப்பதால், கடையருகே படிக்கட்டு இருந்தால் அனுமதி கேட்டு இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னே முட்டினால் வேறொன்றைக் கேளுங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கம் வலியாகத் தெரியாது. கால் சொல்வதைவிட வரைந்த தாள் சொல்வதையே நம்ப வேண்டும். உட்புறத் தையல் உறுத்துகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்த்து, புதுக் காலணியை முதலில் வீட்டிற்குள் சிறிது நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் தோலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருத்தமான ஒன்று கிடைத்துவிட்டால் பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் பாலியூரித்தேன் என்ற நெகிழியாலான அடித்தளங்கள், அணியாமல் வைத்திருந்தாலும், நாளடைவில் பொடிந்து உதிர்ந்துவிடும்.