மலைத்தடத்தில் பட்ஜெட் ஏடிவி: பின் ஆக்சில் ஆட்டத்தை நிறுத்துவது எப்படி?

கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நம்ம ஆட்களில் சிலர் இப்போது சின்ன ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர பைக், வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஜீப் நுழையாத பாதையில் உர மூட்டை ஏற்றிப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை பையன்கள் சுற்றலாம். நான் சொல்வது பல லட்ச ரூபாய் போலாரிஸ் பற்றி இல்லை. 110 அல்லது 125 சிசி சீன இஞ்சின், பின்னால் செயின், எட்டு இஞ்ச் ரிம் என்று வரும் பட்ஜெட் வண்டியைப் பற்றித்தான்.

வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இஞ்சின் பற்றி. அந்த இஞ்சினின் மூலம் 1958இல் ஹோண்டா இறக்கிய சூப்பர் கப். படுக்கை வாக்கில் கிடக்கும் ஒற்றை சிலிண்டர். ஆயில் மாற்றினால் போதும், அது பாட்டுக்கு ஓடும். கெட்டுப்போவது அதைச் சுற்றி இருக்கும் நட்டு, பேரிங், ஒயர், ரப்பர். அதிலும் முதலாவது பின் ஆக்சில். அதனால் இந்தப் பதிவில் முக்கால்வாசி அதுதான்.

வண்டியை எங்கே ஓட்டலாம் என்பதை ஒரே வரியில் முடிக்கிறேன். இதற்கு நம்பர் கிடையாது, ரோட்டில் இறக்கக் கூடாது, பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சொந்தத் தோட்டத்துக்குள் ஓட்டுங்கள். தேக்கடி, மதிகெட்டான் சோலை எல்லைக்குள் தெரியாமல் நுழைந்தாலும் வனத்துறை விடாது.

என்னென்ன வேண்டும்

சாதாரண ஸ்பேனர் செட் உங்களிடம் இருக்கும். கூடுதலாக நான்கு பொருள். ஒன்று, பின் ஆக்சில் நட்டுக்குச் சேரும் மெல்லிய ஸ்பேனர் இரண்டு. கடையில் கிடைக்காது. கம்பத்திலோ தேனியிலோ ஏதாவது லேத் பட்டறையில் தடித்த ஸ்பேனரைக் கொடுத்து இருபுறமும் அரைத்துத் தரச் சொல்லுங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், அதனால் வெர்னியரில் நட்டை அளந்துவிட்டு போங்கள். இரண்டு, நட்டு தளராமல் இருக்க மரையில் விடும் பசையான லாக்டைட், நீல நிறம். மூன்று, வெள்ளை பெயிண்ட் மார்க்கர். நான்கு, 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாத காற்று கேஜ்.

ஆக்சில் நட்டுக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். உளி வைத்துச் சுத்தியலால் தட்டித் திருகுவதும் வேண்டாம். மலையில் பாதி மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு முறை தட்டினால் நட்டின் முனை மழுங்கிவிடும், மூன்றாவது முறை எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

ஆட்டம் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபிரேமுக்குக் கீழே கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். ஒரு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். 'கடக்' என்று கேட்டால் ஆட்டம் இருக்கிறது. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. இங்கேதான் பலரும் பேரிங் மாற்றிக் காசை விடுகிறார்கள்.

சக்கரம் ஆடுகிறது, ஆக்சில் அசையவில்லை என்றால் பிரச்சினை வெளி முனையில். சக்கர ஹப்பைப் பிடிக்கும் காஸில் நட்டு (பின் மாட்ட வெட்டு வைத்த நட்டு) தளர்ந்திருக்கும், அல்லது ஹப்பின் உள்ளே இருக்கும் பல் தேய்ந்திருக்கும். சக்கரமும் ஆக்சிலும் சேர்ந்து ஆடுகிறது, பேரிங் கூடு அசையவில்லை என்றால் உள்ளே இருக்கும் இரட்டை நட்டு தளர்ந்திருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். கூடே சேர்ந்து ஆடினால் கூட்டைப் பிடிக்கும் போல்ட்டு, இல்லையென்றால் ஸ்விங் ஆர்ம் (பின் ஆக்சிலை ஃபிரேமோடு இணைக்கும் கை) புஷ். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கண்ணைவிட விரலுக்கு இது நன்றாகத் தெரியும்.

காஸில் நட்டு எளிது. இறுக்குங்கள், ஸ்பிளிட் பின் போகும் துவாரம் நேராக வராவிட்டால் அடுத்த துவாரம் வரும்வரை இன்னும் இறுக்குங்கள். பின் போடுவதற்காகத் தளர்த்தவே கூடாது. கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக ஒன்று போடுங்கள். அதற்கு ஒரு டீ விலைகூட ஆகாது.

இரட்டை நட்டு

ஆக்சிலின் நடுப்பகுதியில் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஹப்போ டிஸ்க் ஹப்போ நகராமல் இரண்டு மெல்லிய நட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கும். பின் கிடையாது, வாஷர் பல் கிடையாது, அந்த நெருக்கம்தான் பூட்டு. செம்மண் சேற்றில் ஏறி இறங்கி, அதிர்ந்து அதிர்ந்து அது விட்டுவிடும். விட்டதும் ஹப் ஒரு மயிரிழை நகரும். அந்த நகர்வே பல்லைத் தேய்க்கும். பல் போனால் ஆக்சிலும் ஹப்பும் சேர்த்து வாங்க வேண்டும், அதுவும் கிடைத்தால்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். இரண்டு நட்டையும் தளர்த்தி, முழுதாகப் பின்னுக்குக் கொண்டு வாருங்கள். மரையில் இருக்கும் மண்ணையும் பழைய கிரீஸையும் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் லாக்டைட் சரியாகப் பிடிக்காது. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம், மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது.

காய்ந்த மரையில் நாலைந்து சொட்டு நீல லாக்டைட். சிவப்பு வேண்டாம். சிவப்பைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், சூடு காட்டினால் பக்கத்திலிருக்கும் பேரிங் சீல் உருகும்.

இப்போது உள் நட்டை ஹப்பின் மேல் இறுக்குங்கள். பிறகு வெளி நட்டைக் கையால் திருகி அதைத் தொடும்வரை கொண்டு வாருங்கள். அடுத்து நடப்பதுதான் முக்கியம். உள் நட்டில் ஒரு ஸ்பேனர், வெளி நட்டில் ஒரு ஸ்பேனர். உள் நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை அதன் மேல் இறுக்குங்கள். ஒரே ஸ்பேனரை வைத்து வெளி நட்டை மட்டும் திருகினால் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து திரும்பும். கைக்கு இறுகியது போலவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நெருக்கம் இருக்காது, அடுத்த இறக்கத்திலேயே விட்டுவிடும். 'நேற்றுத்தான் இறுக்கினேன், திரும்ப ஆடுது' என்று சொல்லும் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. இரண்டு ஸ்பேனர் செலவு இதற்காகத்தான்.

கடைசியில் உள் நட்டை வெளி நட்டை நோக்கி ஒரு துளி பின்னால் திருப்பி நெருக்குங்கள். பிறகு உள் நட்டு, வெளி நட்டு, ஆக்சில் மூன்றின் மேலும் சேர்த்து ஒரே கோடாக வெள்ளை பெயிண்ட் போடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் குனிந்து பார்த்தால் போதும், கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேனரே எடுக்க வேண்டாம். லாக்டைட் முழுதாக இறுக ஒரு நாள் விடுங்கள். அன்று சாயங்காலமே பையன் சாவி கேட்பான், கொடுக்காதீர்கள்.

செயின்

பின் ஆக்சில் வேலை முடிந்ததும் செயின் தளர்வு மாறியிருக்கும். கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கினால் 20 முதல் 30 மி.மீ. வரை அசைய வேண்டும். ஆனால் ஆள் உட்கார்ந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்கும், செயின் இறுகும். அதனால் ஆளை உட்கார வைத்தே பாருங்கள். சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடத்தில் பாருங்கள். விலை குறைந்த ஸ்ப்ராக்கெட் முழு வட்டமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் தளர்வாகவும் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் இருக்கும். இறுக்கமான இடத்தை வைத்தே அளவெடுங்கள். புதுச் செயின் வாங்கும்போது பக்கத் தகட்டில் 420 என்றோ 428 என்றோ அடித்திருக்கும், அதையே கேளுங்கள்.

காற்று

பஞ்சர் கடையில் அடிக்காதீர்கள். இந்த டயருக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று பக்கச் சுவரில் எழுதியிருக்கும், பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். கார் டயருக்கு அடிக்கும் கேஜில் அது சரியாகவே தெரியாது. ரொம்பக் குறைத்தாலும் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும்.

ஒன்று கவனியுங்கள். பின் ஆக்சில் ஒரே கம்பி, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் டயரும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும், ஆக்சில் எப்போதும் முறுக்கிக்கொண்டே ஓடும். ஒரு சணல் கயிற்றை இரண்டு டயரையும் சுற்றி அளந்து பார்த்து, காற்றை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை கண்டிப்பாக வரும்.

இஞ்சினுக்குச் செய்ய வேண்டியது

இதில் காகித ஆயில் ஃபில்டர் இருப்பதில்லை. ஒரு சல்லடையும், கிளட்ச் பக்கம் சுழலும் ஒரு கிண்ணமும்தான். அதனால் கார் மாதிரி மாதக்கணக்கில் விட முடியாது. மழைக்காலத்தில் ஓட்டினால் அடிக்கடி மாற்றுங்கள். புது வண்டியின் முதல் ஆயிலை சீக்கிரமே இறக்கிவிடுங்கள், உள்ளே வெள்ளிப் பொடி மாதிரி மிதக்கும். 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40, டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால் கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும்.

வால்வு இடைவெளி 0.05 மி.மீ., இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. ஸ்ப்ளெண்டர் பிரித்துப் பழகிய எந்த மெக்கானிக்கும் இதைத் தூங்கிக்கொண்டே செய்வார். நான் சொல்லி நீளமாக்கவில்லை.

ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜை சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒட்டு விட்டுவிடும், தீ ஆபத்தும் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வண்டியை ஷெட்டில் போடுபவர்கள் கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. மலை ஈரத்தில் அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு வண்டி கிளம்பாது.

கிளம்பாத வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது பிளக்கை இல்லை. ஹேண்டில்பாரில் கயிறு மாட்டிய, இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச். சேறு புகுந்து அது செத்துப்போவது சகஜம்.

கழுவும்போது

வாட்டர் சர்வீஸ் கன்னை ஆக்சில் பேரிங் மேலும், சக்கர ஹப் மேலும் நேராகப் பிடிக்காதீர்கள். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் உட்காரும், பேரிங் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. தோட்டத்து ஹோஸ் பைப்பே போதும். முன் டிரம்மைக் கழற்றி உள்ளே சேறு பார்த்துவிடுங்கள். நம்ம பக்கத்துச் செம்மண் காய்ந்தால் சிமெண்ட்தான், பிரேக் ஷூவையே அறுத்துவிடும்.

பேரிங் மாற்றும் நாள் வந்தால், பழையதின் பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்கே போங்கள். வண்டி விற்ற கடையில் 'செட்' என்று சொல்லி மூன்று மடங்கு வாங்குவார்கள். வண்டியோடு வருவது பெரும்பாலும் இரும்பு மூடி வைத்த இசட்இசட். அதே எண்ணில் 2ஆர்எஸ், அதாவது இருபக்கமும் ரப்பர் சீல் வைத்தது வாங்குங்கள். சேற்றுக்கு ரப்பர்தான்.

பின்சேர்க்கை 1

போடியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார்: 'பெயிண்ட் கோடு அப்படியே இருக்கு, இரண்டு நட்டும் இறுக்கம்தான், ஆனா புது பேரிங் போட்டும் ஆட்டம் வருது.' கூட்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்க வேண்டும், ஸ்பேசர். முன்பு பேரிங் மாற்றிய கடையில் அதைப் போடாமலே மூடியிருக்கிறார்கள். ஸ்பேசர் இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங்கின் உள்வளையம் இரண்டும் பக்கவாட்டில் நசுங்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக இறுக்குகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் பேரிங் போகும். கூட்டைத் திறந்தால் அந்தக் குழாயைத் தனியாகத் துணியில் கட்டி வையுங்கள். தொலைந்திருந்தால் லேத்தில் செய்யலாம், ஆனால் நீளம் கூட்டுக்குள் இரண்டு பேரிங்கும் உட்காரும் இடைவெளிக்குச் சரியாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2

நட்டு இறுக்கிய பிறகு பின் டிஸ்க் சூடாகிறது என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஹப்பைத் தள்ளி இறுக்கும்போது டிஸ்க் காலிப்பருக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. இரட்டை நட்டைப் பூட்டும் முன்பே சக்கரத்தைக் கையால் சுற்றி, டிஸ்க் இரண்டு பேடுக்கும் இடையில் உரசாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். உரசினால் காலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பிடித்தபடியே திரும்ப இறுக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ஹப் தன் இடத்தில் முழுதாக உட்காரவில்லை, நட்டை அவிழ்த்து முதலிலிருந்து வாருங்கள்.